பூச்சி உள்ள இருக்கறப்ப நம்ம வெள்ளை அணுக்கள் என்ன பண்ணுது?

லேப்ல தினமும் ரத்த ஸ்லைடு பாக்குற வேலை எனக்கு. ரிப்போர்ட் வாங்க வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்வி, "ஈசனோபில் 14 பர்சென்ட்னு போட்டிருக்கே, என்னங்க அது, பயப்படணுமா?" கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல அது. பூச்சி இருக்கலாம், அலர்ஜியா இருக்கலாம், டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்லி அனுப்பிடுவோம், ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற கதை ரொம்பப் பெருசு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதையும் கூட, அதனால இங்க உக்காந்து நிதானமா எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல அந்த ஈசனோபில் எப்பிடி இருக்கும்னு சொல்லிடறேன். ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடியில இழுத்து, காய வச்சு, லீஷ்மேன் சாயம் ஊத்தி, மைக்ராஸ்கோப்புல ஆயில் லென்ஸ் வச்சுப் பாத்தா, வெளிர் ரோஸ் கலர்ல சிவப்பணுக்கள் பரவிக் கிடக்கும், நடுவுல அங்கங்க ஊதா நிறத்துல வெள்ளை அணுக்கள். அதுல ஒண்ணு மட்டும் உடம்பு பூரா செங்கல் பொடிய அள்ளி அப்பின மாதிரி ஆரஞ்சு குருணையா நிக்கும், நடுவுல கண்ணாடி மாட்டின மாதிரி ரெண்டு பிரிவா உட்கரு. அதான் ஈசனோபில். 1879-ல பால் எர்லிக் இதுக்குப் பேரு வச்சாரு. நல்லா இருக்கற ஆளுக்கு நூறு வெள்ளை அணுவ எண்ணினா ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் வரும். அந்த ஆரஞ்சு குருணைக்குள்ள இருக்கறது பூரா விஷப் புரதம், பூச்சி மேல கொட்டறதுக்குன்னு உடம்பு சேத்து வச்ச சரக்கு.

பூச்சிக்குன்னு ஏன் தனியா ஒரு ஆயுதம்? சைஸ்தான் காரணம். ஒரு பாக்டீரியா வந்தா நம்ம வெள்ளை அணு அத அப்பிடியே முழுங்கி உள்ள வச்சே செரிச்சிடும். வைரஸ் ஒரு செல்லுக்குள்ள பூந்துக்கிட்டா அந்த செல்லையே கொன்னுடும். ஆனா வயித்துல இருக்கற உருண்டைப்புழு, அஸ்காரிஸ்னு சொல்றது, பெண் புழு ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும், ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் முட்டை வரைக்கும் போடும். வெள்ளை அணு ஒண்ணு கண்ணுக்கே தெரியாத சைஸ், அது எப்பிடி ஒரு அடி புழுவ முழுங்கும்? அதனால உடம்பு இங்க வேற வழி வச்சிருக்கு, கொல்றதுக்கு முன்னாடி வெளிய தள்ளப் பாக்கற வழி. இதுக்கு டைப் 2 ரெஸ்பான்ஸ்னு பேரு. பாக்டீரியா, வைரஸுக்கு வர்றது டைப் 1.

இது எங்க ஆரம்பிக்குதுன்னா குடல் சுவர்லயே. அங்க டஃப்ட் செல்னு ஒண்ணு இருக்கு, தலையில குஞ்சம் வச்ச மாதிரி இருக்கும், ரொம்ப வருஷமா இது எதுக்கு இருக்குன்னே யாருக்கும் தெளிவாத் தெரியாது, 2016-லதான் எலிகள வச்சுப் பாத்து இது புழுவ மோப்பம் பிடிக்கற செல்லுன்னு கண்டுபிடிச்சாங்க. புழு வந்ததும் இது ஐஎல்-25-னு ஒரு சிக்னல் விடும். புழு துளைச்சு காயமான செல்லுங்க ஐஎல்-33-னு இன்னொண்ணு விடும். (ஐஎல்னா இன்டர்லூகின், செல்லுக்குச் செல் அனுப்பிக்கற சேதின்னு வச்சுக்கோங்க. நம்பர் நெறைய வரும், மனப்பாடம் பண்ண வேணாம்.) இந்தச் சேதியக் கேட்டு முதல்ல எழுந்துக்கறது ஐஎல்சி-2-ங்கற ஒரு வகை வெள்ளை அணு. கொஞ்ச நாள் கழிச்சு டென்ட்ரிடிக் செல்லுங்க புழுவோட துணுக்க எடுத்துட்டுப் போய் நெறிக்கட்டுல இருக்கற டி செல்லுக்கு (இதுவும் ஒரு வகை வெள்ளை அணுதான்) காட்டி, அதுல ஒரு கூட்டம் டிஹெச்-2 செல்லா மாறும். இந்த ரெண்டு கூட்டமும் சேந்து ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-13-னு மூணு சேதிய ஊர் பூரா பரப்பும்.

ஐஎல்-5 போய் எலும்பு மஜ்ஜையில ஈசனோபில் உற்பத்திய ஏத்தி விடும், நீங்க ரிப்போர்ட்ல பாக்குற அந்த 14 பர்சென்ட் இப்பிடித்தான் வருது. ஐஎல்-4 பி செல்லப் பாத்து ஐஜிஇ-ங்கற ஆன்டிபாடிய தயார் பண்ணச் சொல்லும். ஐஎல்-13 குடல்ல சளிய ஊற வைக்கும், குடல் தசைய வேகமா இறுக்கி இறுக்கி விட வைக்கும், குடல் சுவரோட மேல்தோல் செல்லுங்கள சீக்கிரம் சீக்கிரமா புதுசா முளைக்க வச்சு பழச உதுத்து விடும், அதாவது புழு பிடிச்சு நிக்கற தரையையே வழுக்க வச்சு, தண்ணி விட்டுக் கழுவித் தள்ற வேலை. மாஸ்ட் செல்லுன்னு இன்னொரு காவல் செல் வெடிச்சு, அலர்ஜியில அரிப்பு உண்டாக்கற அதே ஹிஸ்டமினக் கொட்டும். கிருமிய முழுங்கற மேக்ரோஃபேஜ்ங்கற செல்லுங்க கூட குணம் மாறிக்கும், டைப் 1-ல கொலைகார வேஷத்துல இருக்கறது இங்க கொத்தனார் வேலைக்கு வந்துடும், புழு துளைச்சுட்டுப் போன ஓட்டைய அடைக்கறது, காயத்த ஆத்தறது. எனக்கு இதுல ரொம்ப ஆச்சரியமானது இந்த கடைசி விஷயம்தான். புழு வந்தா உடம்புக்கு சண்டைய விட ரிப்பேர் வேலைதான் அவசரம், ஏன்னா நுரையீரல் வழியாவும் குடல் வழியாவும் துளைச்சுட்டுப் போற ஒரு ஜீவன் விட்டுட்டுப் போற ஓட்டை, பாக்டீரியா விடற ஓட்டை மாதிரி இல்ல.

இவ்வளவு ஏற்பாடு இருக்கே, அப்ப புழு ரெண்டு வாரத்துல வெளிய போயிடணும் இல்லையா? போறதில்ல. உருண்டைப்புழு ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும். யானைக்கால் புழு ஆறுல இருந்து எட்டு வருஷம் நிணநீர்க் குழாய்க்குள்ளயே குடும்பம் நடத்தும். உலகம் பூரா சுமாரா 150 கோடிப் பேருக்கு மண் வழியா வர்ற குடல் புழு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல நெறைய பேருக்கு இருக்கறதே தெரியாது. எப்பிடி?

ஊர்ல தேர் இழுக்கறதப் பாத்திருப்பீங்க. ஆயிரம் பேர் வடம் பிடிச்சு இழுத்தாலும் தேர் எங்க நிக்கணும் எங்க திரும்பணும்னு முடிவு பண்றது சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை போடற நாலஞ்சு பேர்தான். அவங்க இல்லன்னா தேர் வீட்டுத் திண்ணையில ஏறிடும். நம்ம இம்யூன் சிஸ்டத்துலயும் அதே மாதிரி முட்டுக்கட்டை போடறவங்க இருக்காங்க, டி-ரெக் செல்லுன்னு பேரு. ஒரு சண்டை அளவு மீறிப் போய் நம்ம சொந்த உடம்பையே அடிச்சிடக் கூடாதுன்னு, ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டான்னு ரெண்டு சேதிய விட்டு மத்த செல்லுங்கள அடக்கி வைக்கும். புழு கண்டுபிடிச்சு வச்சிருக்கற ரகசியம் இதுதான். அது நம்ம சிஸ்டத்துக்கிட்ட இருந்து ஒளியறது இல்ல, ஒரு அடி நீளத்துல எங்க ஒளியறது. நம்மகிட்ட ஏற்கனவே இருக்கற முட்டுக்கட்டைய எடுத்து நம்ம சக்கரத்துக்குக் கீழயே வைக்குது.

இது சும்மா உவமை இல்ல. எலியோட குடல்ல இருக்கற ஹெலிக்மோசோமாய்டஸ்ங்கற புழு ஒரு புரதத்த சுரக்குது, 2017-ல அதப் பிரிச்செடுத்துப் பாத்தா, அது நம்ம டிஜிஎஃப்-பீட்டா போய் உக்கார்ற அதே பூட்டுல போய் உக்காருது, அதே மாதிரி டி-ரெக் செல்லுங்கள உருவாக்குது. ஆனா புரதத்தோட அமைப்பப் பாத்தா டிஜிஎஃப்-பீட்டாவுக்கும் அதுக்கும் உறவே கிடையாது. அதாவது புழு நம்ம சாவிய திருடல, தானே ஒரு கள்ளச்சாவி அடிச்சு வச்சிருக்கு. அதே புழு இன்னொரு புரதத்தால அந்த ஐஎல்-33 அபாயச் சிக்னல செல்லுக்குள்ளயே கட்டிப் போட்டு வச்சிடும், காயம் பட்ட செல் கத்தினாலும் வெளிய கேக்காது. இன்னொரு வகைப் புழு விடற ஈஎஸ்-62-ங்கற பொருள் டென்ட்ரிடிக் செல், பி செல், மாஸ்ட் செல்லுன்னு பலதையும் மந்தமாக்குது. ஒவ்வொரு புழுவுக்கும் ஒவ்வொரு வித்தை, ஆனா போய்ச் சேர்ற இடம் பெரும்பாலும் ஒண்ணு: டைப் 2 ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா பிரேக்கோட ஓடும்.

ஆன்டிபாடியிலயும் இது தெரியும். ஆரம்பத்துல ஏறின ஐஜிஇ அப்பிடியே இருக்க, கூடவே ஐஎல்-10 தூண்டி ஐஜிஜி-4-னு ஒண்ணு ரொம்ப அதிகமா வரும். இது புழுவோட அதே துணுக்கப் போய்ப் பிடிச்சுக்கும், ஆனா மாஸ்ட் செல்ல வெடிக்க வைக்காது. ஐஜிஇ உக்கார வேண்டிய சீட்ல துண்டு போட்டு வைக்கறது மாதிரி.

இப்ப யானைக்கால் புழுவுக்கு வர்றேன், ஏன்னா இத மனுஷங்ககிட்ட நேர்ல பாக்கணும்னா இத விட நல்ல உதாரணம் கிடையாது, நம்ம ஊர்ப் பக்கமும் இது பழகின நோய். புழு பேரு வுச்செரேரியா பான்கிராஃப்டி. க்யூலெக்ஸ் கொசு கடிக்கறப்ப குட்டிப் புழு தோல்ல இறங்கி உள்ள போகும். பெரிய புழுங்க நிணநீர்க் குழாயில இருக்கும், அது போடற குஞ்சுங்க, மைக்ரோஃபைலேரியா, ராத்திரியில மட்டும் ரத்தத்துல சுத்தும், பகல்ல நுரையீரல்ல போய்த் தங்கிக்கும், ஏன்னா அந்தக் கொசு கடிக்கற நேரம் ராத்திரி. அதனாலதான் சுகாதாரத் துறைக்காரங்க ராத்திரி எட்டரை ஒம்பது மணிக்கு மேல வீடு வீடா வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுக்கறாங்க. தூங்கற நேரத்துல ஏன் வந்து தொந்தரவு பண்றாங்கன்னு கோவப்படாதீங்க, பகல்ல எடுத்தா ஒண்ணும் தெரியாது.

நான் ட்ரெயினிங்ல இருந்தப்ப அப்பிடி எடுத்த ரத்தத்த சாயம் போடாம அப்பிடியே ஒரு சொட்டு வச்சுப் பாத்தேன். முதல்ல சிவப்பணுக்கள் அமைதியா கிடக்கு. திடீர்னு ஒரு இடத்துல மட்டும் அதுங்க ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு அலையடிக்குது, என்னன்னு ஃபோகஸ் பண்ணா, கண்ணாடி நூல் மாதிரி ஒண்ணு சாட்டையா சொடுக்கி சொடுக்கி நெளியுது, ஒரு சிவப்பணு மாதிரி முப்பது மடங்குக்கு மேல நீளம். சுத்தி வெள்ளை அணுக்கள் இருக்கு, ஒண்ணும் அது மேல பாயல. அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் ஜம்முனு இருந்தாரு, காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல, காலையில வயலுக்குப் போற ஆளு.

இங்கதான் விஷயம். ஒரே தெருவுல, ஒரே கொசு கடிச்சு, மூணு பேருக்கு மூணு விதமா ஆகும். முதல் ஆளு இவர மாதிரி, ரத்தம் பூரா குஞ்சு, ஆனா நோயே தெரியாது. இவரோட டி செல்ல எடுத்து தட்டுல வச்சு புழுவோட சாறு விட்டா அசையாது, பெருகாது, தூங்குது. ஐஎல்-10-அ மறிக்கற ஆன்டிபாடிய அதே தட்டுல விட்டா கொஞ்சம் முழிச்சுக்கும். அதாவது செல் சாகல, முட்டுக்கட்டைதான் நிறுத்தி வச்சிருக்கு. ரெண்டாவது ஆளுக்கு கால் வீங்கி யானைக்கால் ஆகியிருக்கும், இவர் ரத்தத்துல பெரும்பாலும் குஞ்சே இருக்காது, ஆனா டி செல்லுங்க (டிஹெச்-1, டிஹெச்-17-னு அழற்சி உண்டாக்கற கூட்டம்) புழுவப் பாத்தா கொந்தளிக்கும், அந்தக் கொந்தளிப்புல நிணநீர்க் குழாய் கெட்டுப் போகும், அதுக்கு மேல தோல் வெடிப்புல பாக்டீரியா பூந்து அடிக்கடி காய்ச்சல் வந்து வீக்கத்த இன்னும் ஏத்தும். காலை தினமும் சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சு வைக்கச் சொல்றது இதனாலதான், அது சின்ன விஷயம் இல்ல.

மூணாவது ஆளு எங்க பெரியப்பா. ராத்திரி ஆனா இருமல், வீசிங், பகல்ல சுமாரா இருப்பாரு. ஒரு கிளினிக்ல மாசக் கணக்கா ஆஸ்துமான்னு சொல்லி மருந்து குடுத்துக்கிட்டே இருந்தாங்க, வெள்ளை அணுக்கள வகை வாரியா எண்ற டிசி கவுன்ட் ஒண்ணு கூட எழுதல. அப்புறம் வேற டாக்டர் எழுதிக் குடுத்து எடுத்துப் பாத்தா ஈசனோபில் மட்டும் ஒரு மைக்ரோலிட்டருக்கு நாலாயிரத்துக்கு மேல, சாதாரணமா 500-க்குள்ள இருக்கணும். ட்ராபிகல் பல்மனரி ஈசனோஃபிலியா, அதாவது யானைக்கால் புழுவோட குஞ்சால நுரையீரல்ல ஈசனோபில் குவியற நோய். இவங்க உடம்புல முட்டுக்கட்டை விழவே விழாது. ஐஜிஇ எகிறி நிக்கும், நுரையீரல்ல தங்க வர்ற ஒவ்வொரு குஞ்சையும் ஈசனோபில் சூழ்ந்து அங்கயே அழிச்சிடும், அதனால ராத்திரி ரத்தத்துலயும் புழு காணாது, ஆனா அந்த விஷக் குருணை நுரையீரல் மேலயும் கொட்டும். யானைக்கால் புழுவுக்குக் குடுக்கற டிஇசி மாத்திரைய மூணு வாரம் சாப்பிட்டாரு, இருமல் நின்னுடுச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்த மாசங்கள நெனச்சா வருத்தம்தான், ஏன்னா இது லேட்டானா நுரையீரல்ல நிரந்தரமா தழும்பு விழுந்துடும்.

ஆக, புழு ஒண்ணுதான், நோய் மூணு, வித்தியாசம் பூரா பிரேக் எவ்வளவு பிடிக்குதுங்கறதுலதான். பிறந்ததுல இருந்தே புழுவோட பழகின உடம்புக்கு பிரேக் ஈஸியா விழுது. பழகாத உடம்புக்கு என்ன ஆகும்னு இரண்டாம் உலகப் போர் காட்டுச்சு. பசிபிக் கடல்ல சமோவா பக்கத் தீவுகளுக்கு வந்து இறங்கின ஆயிரக்கணக்கான அமெரிக்க சிப்பாய்ங்களுக்கு கொஞ்ச மாசத்துலயே கை கால், விரைப்பை எல்லாம் சிவந்து வீங்கிடுச்சு, அந்த ஊர்க்காரங்க அத மூமூன்னு சொல்லுவாங்க. ஆனா அவங்க ரத்தத்துல குஞ்சு கிடைச்சது ரொம்ப ரொம்பக் கம்மி. அவங்க உடம்பு புழுவ விடல, தன்னையும் விடல.

இன்னொரு பக்கம் இருக்கு. முட்டுக்கட்டை புழுவுக்காக மட்டும் விழறதில்ல, தேர் முழுசுக்கும் சேத்துத்தான் விழுது. காபோன் நாட்டுல லம்பாரெனேங்கற ஊர்ல சிறுநீர்ப் பாதை நத்தைப்புழு (நத்தை வழியா பரவற சிஸ்டோசோமாங்கற புழு) இருந்த பசங்களுக்கு வீட்டுத் தூசிப் பூச்சிய வச்சு தோல்ல அலர்ஜி டெஸ்ட் பண்ணப்ப, புழு இல்லாத பசங்கள விட கம்மியாத்தான் தடிச்சுது, ஐஎல்-10 அதிகமா இருந்தவங்களுக்கு இன்னும் கம்மி, இது 2000-ல வந்த ஆய்வு. அப்புறம் பூச்சி மருந்து குடுத்து தொடர்ந்து பாத்தப்ப அலர்ஜி ரியாக்ஷன் ஏறிச்சு. அர்ஜென்டினாவுல மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (இம்யூன் சிஸ்டமே நரம்ப அடிக்கற நோய்) இருந்த 12 பேருக்கு குடல்ல புழு வந்தப்புறம் நோய் அமைதியாச்சு, பிறகு அதுல நாலு பேருக்கு புழுவுக்கு மருந்து குடுக்க வேண்டி வந்தப்ப நோய் திரும்பத் தலை தூக்கிச்சு. சென்னையில பண்ண ஒரு ஆய்வுல சர்க்கரை நோய் இருக்கறவங்கள்ல யானைக்கால் புழுவோட அடையாளம் மத்தவங்கள விட கம்மியா இருந்துச்சு. ஆனா இந்த மாதிரி ஆய்வு ரெண்டு விஷயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு மட்டும்தான் காட்டும், ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு சொல்லிட முடியாது.

இதக் கேட்டுட்டு சில பேர் "அப்ப புழு நல்லதுதானே"ன்னு கேக்கறாங்க. இல்லங்க. பன்றியோட சாட்டைப்புழு முட்டைய குடிக்கக் குடுத்து குடல் அழற்சி நோய சரி பண்ணலாம்னு சின்ன ஆய்வுகள்ல நம்பிக்கை வந்துச்சு, பெரிய ட்ரையல் வச்சப்ப பலன் தெரியலன்னு 2013-ல நிறுத்திட்டாங்க. உருண்டைப்புழு ஆஸ்துமாவ கூட்டுதுன்னு கூட ஆய்வுகள் இருக்கு, ஏன்னா அதோட குட்டி நுரையீரல் வழியா போகுது. கொக்கிப்புழு ஒண்ணொண்ணும் தினமும் ரத்தம் குடிக்குது, நூறு புழு இருக்கற வளர்ற பொண்ணுக்கு ரத்தசோகை வராம எப்பிடி இருக்கும். அப்புறம் தடுப்பூசி. எத்தியோப்பியாவுல புழு இருந்தவங்கள ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு ஆல்பென்டசோல்ங்கற பூச்சி மாத்திரை, இன்னொண்ணுக்கு வெறும் போலி மாத்திரை குடுத்துட்டு, ரெண்டு குழுவுக்கும் டிபி தடுப்பூசியான பிசிஜி போட்டாங்க. புழு போனவங்க டி செல்தான் டிபி கிருமியோட புரதத்துக்கு நல்லா வேலை செஞ்சுது.

டிபி விஷயம் நமக்கு இன்னும் கிட்ட. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துல பண்ண ஆய்வுகள்ல, டிபி கிருமி தூங்கிட்டு இருக்கற ஆளுக்கு யானைக்கால் புழுவும் சேந்து இருந்தா, டிபிய அடக்கி வைக்கற டிஹெச்-1, டிஹெச்-17 செல்லுங்க மந்தமா இருந்துச்சு. அத வச்சு புழு இருந்தா டிபி வெடிச்சிடும்னு முடிவு கட்டிடாதீங்க, தென்னிந்தியாவுல ஆட்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணிப் பாத்ததுல அப்பிடி கூடுதலா டிபி வந்ததா நிரூபணம் ஆகல. தட்டுல செல் காட்டறதும் மனுஷ உடம்பு செய்யறதும் எப்பவும் ஒண்ணா இருக்கறதில்ல.

கடைசியா ஒண்ணு, இது எல்லாத்த விடவும் முக்கியம்னு நான் நெனைக்கறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு சின்னப் புழு, வெறுங்காலோட ஈர மண்ணுல நடந்தா பாதத்து வழியா ஏறும். மத்த குடல் புழு மாதிரி இல்லாம இது உள்ளயே குட்டி போட்டு, அந்தக் குட்டியே திரும்ப குடல் சுவரத் துளைச்சு உள்ள வந்து, மருந்து குடுக்காட்டி ஆயுசு பூரா இருக்கும். இரண்டாம் உலகப் போர்ல சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரங்க பிடிச்சுட்டுப் போன பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள்ல சில பேருக்கு முப்பது நாப்பது வருஷம் கழிச்சும் இந்தப் புழு இருந்துச்சு. (மலேயாவுல இருந்து போன நம்ம தமிழ் ஆளுங்களும் அதே சேத்துல வெறுங்காலோட நின்னவங்கதான், அவங்கள யாரு கூப்பிட்டு டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க.) அத்தனை வருஷம் புழுவும் உடம்பும் ஒரு அளவோட நின்னுக்கிட்டு இருக்கும். அந்த ஆளுக்கு வேற ஏதோ வியாதிக்கு ஸ்டீராய்டு குடுத்தா, அளவா இருந்த டைப் 2 காவலும் படுத்துடும், ஈசனோபிலும் இறங்கிடும், புழு ஆயிரக்கணக்குல பெருகி நுரையீரல், மூளைன்னு எல்லா இடமும் போகும், போறப்ப குடல் பாக்டீரியாவையும் இழுத்துட்டுப் போய் ரத்தத்துல விஷம் ஏத்திடும். உயிர் போற நிலைமை அது.

இதுல கொடுமை, அந்த நேரத்துல எடுக்கற ரத்த ரிப்போர்ட்ல ஈசனோபில் நார்மலா காட்டும், ஸ்டீராய்டே அத இறக்கி வச்சிருக்கும். அதனால வயல் வேலை, செங்கல் சூளை, தோட்ட வேலை, வெறுங்கால் பழக்கம் உள்ளவங்க யாருக்காவது நாள் கணக்கா ஸ்டீராய்டு ஆரம்பிக்கப் போறாங்கன்னா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட "சார், பூச்சிக்கு ஒரு தடவ பாத்துடலாமா"ன்னு கேளுங்க. மலப் பரிசோதனை ஒரு தடவையில இந்தப் புழு சிக்காம போகலாம், ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்திக் குடுத்தா எங்கள மாதிரி லேப்காரங்களுக்குக் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம், காலையில வந்த சாம்பிள ஆற விடாம சீக்கிரம் கொண்டு வந்து குடுத்தீங்கன்னா குட்டி நெளியறதே தெரியும்.